வாலில்லாப் பூனை வந்து போன கணினி

அந்தக் கணினியைப் பார்த்ததும் ஓட்டைவாய்க்கு முதலில் மரியாதை வந்தது. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"இதுக்கு வைரஸ் வந்திருக்காது மேடம். வயசுதான் வந்திருக்கு."

"வாயை மூடு" என்றார் செக்கரம்மா.

கூடத்து மூலையில், தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், ஒரு மேஜையை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அது. வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாகிப்போன பெட்டி. முதுகு புடைத்த திரை. மேலே போர்த்தியிருந்த துணியில் ஓரத்தையல்கூடப் போட்டிருந்தது. பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற அக்கறையோடு யாரோ தினமும் அதைப் போர்த்திவிடுகிறார்கள்.

செக்கரம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவர். வேலையில் ஓய்வு கொடுத்தார்கள், அவருக்கு ஓயத் தெரியவில்லை. ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே கண்டுபிடிப்பார், கூடப் பிறந்தவனே ஆனாலும் அபராதம் போடாமல் விடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். அவருக்கு வாய்த்த உதவியாளன் ஓட்டைவாய். முப்பதைத் தாண்டிய ஆள். முன்பு கணினி பழுதுபார்க்கும் கடையில் இருந்தான். ஒரு வாடிக்கையாளரிடம், "உங்க மெஷினுக்கு ஒண்ணுமில்லைங்க, ஒயர் கழண்டிருந்துது, அவ்வளவுதான்" என்று முதலாளியை வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னான். அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் தங்காது, இவன் வாயில் ரகசியம் தங்காது.

இவர்களை அழைத்தவர் அந்த வீட்டு அம்மா. தெருமுனை மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்பவர். மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்களிடம் பேசிப் பேசியே பழகியதாலோ என்னவோ, வளவளவென்று இல்லாமல் விஷயத்தை அளந்து சொன்னார்.

மகன் வீட்டைவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அவனுக்குப் படம் வரைவதில் பைத்தியம். அப்பா மின்சார அலுவலகத்தில் லைன்மேன். பிள்ளையையும் அதே வேலையில் சேர்த்துவிட நினைத்தார், அவன் மசியவில்லை. ஒரு நாள் வார்த்தை தடித்து, "படம் போட்டா வீட்டுல கரண்ட் வருமாடா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் காலையில் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை, போனான் வந்தான் என்று ஒரு தகவல் இல்லை.

வீட்டில் இருந்த காலத்தில் அவன் தினமும் இந்தக் கணினியில் அம்மாவுக்கு ஒரு படம் வரைந்து வைப்பானாம். கடையிலிருந்து வந்ததும் அவர் திறந்து பார்க்க வேண்டும், அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. குடை, பேருந்து, தெரு, எது வரைந்தாலும் ஒரு மூலையில் வாலில்லாத பூனை ஒன்று உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அவன் வளர்த்த பூனைக்குக் கதவிடுக்கில் வால் போயிருந்தது. அந்தக் கதை இந்த வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

"போன மழைக்காலத்துக்கு அப்புறம் அந்தப் பூனை திரும்ப வருது" என்றார் அம்மா. "கடைக்குப் போயிட்டு வந்து திறந்தா, புதுசா ஒரு படம் இருக்கு. நான் வரையல. என் பொண்ணு வேற ஊர்ல இருக்கா."

இதைக் கேட்டதும் மகள் பயந்துபோனாள். போன தடவை வந்தபோது அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தாள். பெட்டி நத்தை வேகத்தில் போகிறது, தேவையில்லாத விளம்பரங்கள் தானாக வந்து குதிக்கின்றன, இப்போது படமும் தானாக வருகிறது என்றால் எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்பது அவள் தீர்மானம். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டாள். அவன் சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அடியோடு துடைத்துவிடுவான்.

"வைரஸ்னா துடைக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவன்தான் எங்கேயோ இருந்துக்கிட்டு உள்ளே வந்து போட்டுட்டுப் போறான்னா, அதைத் துடைக்கிறது அவன் வர்ற வழியையே அடைக்கிற மாதிரி. என் பிள்ளை உயிரோட இருக்கானா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

பால்கனியில் மேஜை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த லைன்மேன் தலையை உள்ளே நீட்டினார். ஒல்லியான, உயரமான மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. "வைரஸ்தாங்க. இதுக்குப் போய் உங்களைக் கூப்பிட்டிருக்கா. பேசாம துடைச்சிடச் சொல்லுங்க" என்றார். திருப்புளி எடுக்க உள்ளே வந்தவர், போகிற போக்கில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை எட்டு போலச் சுற்றி, நுனியைச் சொருகி வைத்தார். சுவிட்ச் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

"ஐயா கரண்டுக்கே லீவு விட்டுடுவீங்க போல" என்றான் ஓட்டைவாய்.

அவர் சிரிக்கவில்லை. லைன் ஆஃப் என்று யாரோ சொன்னதை நம்பிக் கம்பத்தில் ஏறிய தன் கூட்டாளி ஒருவன் இறங்கி வரவேயில்லை என்று சொன்னார். "சுவிட்சை நம்பக்கூடாது தம்பி. பிளக் வெளியே இருந்தாத்தான் ஆஃப்."

ஓட்டைவாய் வேலையில் இறங்கினான். முதல் காரியமாக இணைய ஒயரைக் கழற்றினான். வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று தேட வேண்டுமானால் முதலில் வாசல் கதவைச் சாத்த வேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு. பிறகு, தான் கொண்டுவந்த பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை ஓடவிட்டான். பெட்டி மேட்டில் ஏறும் பேருந்துபோல முனகத் தொடங்கியது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்காருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

அவன் வாய் சும்மா இருக்கவில்லை. பூச்சி ஒன்று அகப்பட்டதும், "ஒருத்தர் மாட்டினாரு மேடம். நமக்குப் பரிசு விழுந்திருக்குன்னு சொல்ற ஆளு" என்றான். இன்னொன்று வந்தது. "இவரு கம்ப்யூட்டரை வேகமாக்கித் தர்றேன்னு உள்ளே வந்து தின்னுட்டுத் தூங்கினவரு." அம்மா அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார். பெட்டி மெதுவாகப் போகிறது என்று அவரே ஒரு நாள் அந்த இலவச மென்பொருளை அமுக்கினாராம். வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து விட்டுக்கொண்ட கதைதான்.

வெகுநேரம் முனகிவிட்டுப் பெட்டி ஓய்ந்தது. பெட்டியைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களின் வரிசையை ஓட்டைவாய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெளியிலிருந்து ஒருவர் இந்தக் கணினியை இயக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு கையாள் உள்ளே இருக்க வேண்டும். அப்படி ஒருத்தனும் இல்லை.

"உள்ளே இருந்ததெல்லாம் தெருவுல கூவி விக்கிற ஜாதி. பூட்டைத் திறக்கிற கை ஒண்ணும் இல்ல" என்றான்.

"அவன் கெட்டிக்காரன். தடம் தெரியாம வந்துட்டுப் போயிருப்பான்" என்றார் அம்மா.

ஓட்டைவாய் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஓட்டைவாய் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, செக்கரம்மா பார்த்தார். "தேதியைக் காட்டு" என்றார். ஆயுள் முழுக்க டிக்கெட்டில் முதலில் தேதியைப் பார்த்த கண்கள். பழைய படங்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேதி இருந்தது. புதுப் படங்கள் அத்தனைக்கும் ஒரே தேதி. அதுவும் பெட்டி தொழிற்சாலையில் பிறந்த வருஷத்தின் முதல் நாள். மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான் என்றார் அம்மா.

"அப்ப இதெல்லாம் சின்ன வயசுல வரைஞ்சதா இருக்குமோ?" என்று அவரே கேட்டார்.

செக்கரம்மா ஒரு படத்தைச் சுட்டினார். அதில் மருந்துக்கடை இருந்தது, பச்சைப் பெயர்ப்பலகையோடு. அந்தப் பலகை எப்போது மாட்டியது என்று விசாரித்தார். இந்த வருஷம்தான். படம் புதுசு, தேதி மட்டும் செத்துப்போன தேதி.

அதற்குக் காரணம் ஓட்டைவாய்க்குத் தெரிந்திருந்தது. கணினிக்குள் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இந்தப் பெட்டியில் அது என்றைக்கோ உயிரை விட்டிருக்கிறது. அதனால் மின்சாரம் அடியோடு அறுந்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, பிறந்த நாளுக்கே போய்விடும். மறுபடி இணையம் கிடைத்ததும் சரியான தேதியைக் கேட்டு வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். மகள்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அம்மா எப்படி அணைப்பார் என்று செக்கரம்மா கேட்டார். திரையில் அணைத்துவிட்டுத் துணியைப் போர்த்திவிடுவாராம். சுவரில் இருக்கும் சுவிட்சையோ பிளக்கையோ தொடுவதில்லை. இணையப் பெட்டியையும் தொடக்கூடாது என்பது மகளின் உத்தரவு.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கடைச் சாவி தன்னிடம் இருக்கிறது, கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தார். "அவர் இருக்கார். ஏதாவது கேக்கணும்னா அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

படியில் காலடிச் சத்தம் தேயும்வரை செக்கரம்மா காத்திருந்தார்.

"இப்ப சொல்லு. வெளியிலேர்ந்து ஒருத்தன் வரணும்னா என்ன வேணும்?"

"இணையம் வேணும்."

"இணையம் வந்தா தேதி என்ன ஆகும்?"

ஓட்டைவாய் திரையிலிருந்த தேதிகளை மறுபடி பார்த்தான். இணையம் வந்தால் தேதி திருந்திவிடும். படங்களின் தேதி திருந்தவில்லை. அப்படியென்றால் அவற்றை வரைந்தபோது இணையமே இல்லை. எங்கேயோ இருக்கிற மகன் உள்ளே வந்து வரைந்தான் என்ற கதை அங்கேயே அறுந்து விழுந்தது.

"கரண்ட் போய் வந்திருக்கலாமே மேடம்" என்றான், யாருக்காகவோ வாதாடுகிற மாதிரி.

"கரண்ட் வந்தா இணையப் பெட்டியும் சேர்ந்துதானே கண்ணு முழிக்கும்? ரெண்டு பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருக்காங்க. அப்புறம் வந்து கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் சொருகியிருக்காங்க. வரைஞ்சு முடிச்சுட்டு, அந்தம்மா வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பழையபடி மாட்டி வச்சிருக்காங்க. எழுந்து போகும்போது பிளக்கைப் பிடுங்காம இருக்க முடியாத ஒரு ஆளு."

பால்கனியில் திருப்புளி சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைவாய் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தான். இல்லை என்று நிரூபிக்க ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினான். கிடைத்தது நேர் எதிரானது.

மகன் வரைந்த தெருக்களிலும் மின்கம்பங்கள் இருந்தன. ஒரு கோடு, அதன் தலையில் ஒரு குறுக்குக்கோடு, காற்றில் தொங்கும் இரண்டு கம்பி, அவ்வளவுதான். அவனுக்குப் பூனைதான் முக்கியம். புதுப் படங்களில் பூனை கோணல்மாணலாக, காது ஒரு பக்கம் பெரிதாக இருந்தது. ஆனால் மின்கம்பங்கள் அச்சில் வார்த்த மாதிரி நின்றன. கம்பிக்குக் கம்பி பீங்கான் குமிழ் இருந்தது. தெரு திரும்பும் இடத்தில் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகூடத் தரையில் சரியான சாய்வில் இறங்கியது. கம்பி இல்லாமல் திருப்பத்தில் ஒரு கம்பத்தை நிற்கவைக்க அந்தக் கைக்கு மனசு வரவில்லை, படத்தில்கூட.

"பூனை பிள்ளையோடது. கம்பம் அப்பாவோடது" என்றான் ஓட்டைவாய். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவர்கள் பால்கனிக்குப் போனபோது லைன்மேன் விசிறியின் இறக்கைகளை மாட்டிக்கொண்டிருந்தார். செக்கரம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஸ்டே கம்பி ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்றார்.

அவர் கை அப்படியே நின்றது. பிறகு இறக்கையைத் தரையில் வைத்துவிட்டு, கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மனைவியின் செருப்பு வாசலில் இல்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுப்பார், கோபப்படுவார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார் என்று ஓட்டைவாய் எதிர்பார்த்திருந்தான். அவரோ, யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை நாளாகக் காத்திருந்தவர் மாதிரி சொல்லத் தொடங்கினார்.

போன மழைக்காலத்தில் தூரத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவருக்குப் போன் வந்தது. இறந்துபோன ஒருவனின் பையில் பழைய அடையாள அட்டை இருந்தது, வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். வேலையில் இருந்த பழைய ஆட்களெல்லாம் கூடுகிறார்கள் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தார். அவன்தான். கட்டடச் சுவர்களில் பெரிய பெரிய விளம்பரப் படம் வரையும் வேலை பார்த்திருக்கிறான். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். எல்லாவற்றையும் அங்கேயே தனியாக முடித்துவிட்டுத் திரும்பினார். ரயிலில் வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாராம். கதவைத் திறந்த மனைவி, எல்லாரும் வந்திருந்தாங்களா என்று கேட்டதும், ஆமாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வார்த்தை வரவேயில்லை.

"நான் ஆயுசு பூரா கம்பத்துல ஏறினவன். இடுப்புக் கயிறு கட்டாம ஏறாதீங்கடான்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அவனுக்கு மட்டும் சொல்லலை. அவன் உசரத்துல நின்னு செய்யிற வேலைக்குப் போவான்னு எனக்குத் தெரியாதுங்க."

செக்கரம்மா அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அவர் திரும்பி வந்த பிறகு மனைவி தினமும் அந்தப் பழைய படங்களைத் திறந்து பார்ப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஒரு நாள், இனிமேல் அவன் வரமாட்டான் என்று மனைவி மகளிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது. அடுத்த நாள் மனைவி கடைக்குப் போனதும் இவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒரு பூனை வரைய அன்றைக்கு முழுப் பொழுதும் போனது. மனைவி வந்து அதைப் பார்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "படம் போட்டா கரண்ட் வருமான்னு கேட்டவன் நான். இப்ப அவன் நாற்காலியில உக்காந்து நான் போடறேன்" என்றவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவர் கேட்டது ஒன்றுதான். வைரஸ் என்று சொல்லிவிட வேண்டும். வைரஸ் என்றால் இத்தனை நாள் வந்தது மகன் இல்லை என்றுதான் ஆகும், மகனே இல்லை என்று ஆகாது. எங்கேயோ இருக்கிறான் என்று அவள் இருந்துவிட்டுப் போகட்டும்.

டிக்கெட் இல்லாத ஒருத்தரையும் இறக்கிவிடாமல் விட்டதில்லை செக்கரம்மா. இந்தத் தடவை அவர், "சரிங்க" என்றார். எழுந்தவர் ஓட்டைவாயைப் பார்த்தார். "நீ வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை வரக்கூடாது."

அவன் தலையை ஆட்டினான்.

அம்மா திரும்பி வந்தபோது செக்கரம்மா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓட்டைவாய் இணைய ஒயரை மாட்டிக்கொண்டிருந்தான். செக்கரம்மா பிசிறில்லாமல் பொய் சொன்னார். உள்ளே இருந்த வைரஸ்களில் ஒன்று பழைய படங்களை எடுத்துக் கலைத்துப் புதுப் படம்போலச் செய்து வைத்திருக்கிறது, தேதி குழம்பியதும் அதனால்தான், வெளியிலிருந்து யாரும் வரவில்லை, மகனைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். குரல் நடுங்கவில்லை, கண் தாழவில்லை. விஷயம் தெரிந்த ஓட்டைவாய்க்கே ஒரு கணம் அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு செக்கரம்மாவை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. வைரஸ்தானா?"

அவன் தலையை ஆட்டினான்.

"வந்ததுலேர்ந்து ஓயாம பேசிட்டிருந்தீங்க. பூச்சிக்குக்கூட ஒரு கதை சொன்னீங்க. இவ்வளவு பெரிய வைரஸைப் பிடிச்சிருக்கீங்க, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சிரிப்பு வார்த்தை போதும். பிறந்ததிலிருந்து கேட்காமலேயே வந்து விழுந்துகொண்டிருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"டாக்டர் நோயாளி வீட்டு ஆளுங்ககிட்ட மட்டும் தனியா ஏதாவது சொல்லியிருந்தா, அவங்க மருந்து வாங்க வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார். பால்கனிக்குக் கேட்காத குரலில் பேசினார். "நோயாளியோட வந்தவங்க திடீர்னு பேச்சை நிறுத்திடுவாங்க."

செக்கரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"படம் போடறது அவர்தான்னு எனக்கு முதல் பூனையிலேயே தெரியும். அந்தப் பிளக்கை அவர் சுத்தி வைக்கிற மாதிரி இந்த உலகத்துல வேற யாரும் சுத்த மாட்டாங்க. அன்னிக்கு எடுத்து மாட்ட மறந்துட்டார். நான் கேக்கல. ஏன் போடறார்னுதான் புரியல. என்னைச் சமாதானப்படுத்தப் போட்டாரா, இல்ல ஏதாவது தெரிஞ்சு போட்டாரா? போன மழைக்காலத்துல ஏதோ கூட்டம்னு போயிட்டு வந்தார். அன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒரு பிளக்கைக்கூடப் பிடுங்கல. எல்லா விளக்கும் விடிய விடிய எரிஞ்சுது. அன்னிலேர்ந்து எனக்குச் சந்தேகம். நேரா கேட்டா செத்தாலும் சொல்ல மாட்டார். அதான் உங்களைக் கூப்பிட்டேன். அதான் சாவியைக் குடுக்கப் போறேன்னு கிளம்பினேன். சாவியெல்லாம் ஒண்ணுமில்ல, கீழே படியிலதான் உக்காந்திருந்தேன்."

துப்பறிய வந்தவர்கள் கணினியைத் துழாவிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த அம்மா இவர்களைத் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவன் உயிரோட இருந்தா நீங்க வைரஸ்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் மடியில் இருந்த கைப்பையின் வாரை நீவிக்கொண்டேயிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "அவர் தனியாவா போய் எல்லாம் பண்ணினார்?"

செக்கரம்மா "ஆமாங்க" என்றார். அதற்குத்தான் அம்மா முதல் முறையாக உடைந்தார். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதார். பால்கனியில் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது.

வாசலில் மெக்கானிக் வந்து கூப்பிட்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், எல்லாம் சரியாகிவிட்டது, துடைக்க வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பினார். லைன்மேன் கூடத்துக்கு வந்து, என்ன சொன்னார்கள் என்று மனைவியிடம் கேட்டார். துண்டு அவர் தோளில் ஈரமாகக் கிடந்தது.

"வைரஸாம். எடுத்தாச்சாம்" என்றார் அம்மா. "படமெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். பழசும் இருக்கட்டும், புதுசும் இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை ஓட்டைவாயால் பார்க்க முடியவில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஒரே பிள்ளையின் சாவை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒளித்துவைத்துக்கொண்டு, இனிமேல் எத்தனை காலம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்களோ. அதைத் தடுக்க அவனிடமோ செக்கரம்மாவிடமோ ஒரு வழியும் இல்லை.

அம்மா திரையில் கணினியை அணைத்தார். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரை எட்டு போலச் சுற்றி, நுனியைச் சொருகி, பெட்டியின் மேல் வைத்துத் துணியைப் போர்த்தினார்.

இருவரும் தெருவில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். திருப்பத்தில் ஒரு மின்கம்பம் நின்றது. அதன் ஸ்டே கம்பியில் யாரோ குடையை மாட்டிவிட்டு மறந்து போயிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஓட்டைவாய் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

செக்கரம்மா கம்பத்தடியில் நின்றார். முதல் தடவையாக அவர் குரல் தளர்ந்திருந்தது.

"உன்னை எத்தனை தடவை வாயை மூடுன்னு சொல்லியிருப்பேன், ஒரு நாளாவது மூடினியா? இன்னிக்கு மட்டும் ஏன்டா மூடின?"